கவிழ்த்து வைத்த நோட்டு

டெய்சி ஆன்ட்டி வீட்டு மின்விசிறிக்கு ஒரு பழக்கம் உண்டு. ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு தடவை 'டிக்' என்று சொல்லும். அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு, பெங்களூர் ரிச்சர்ட்ஸ் டவுனில் மழை வரப்போகிற மாதிரி ஒரு மஞ்சள் வெளிச்சத்தில், அது வழக்கத்தைவிடச் சத்தமாகச் சொல்வதாக எனக்குத் தோன்றியது.

இருபது பேர் சேர்ந்த மாதச் சீட்டு. டீப்பாயின் மேல், தவணை குறிக்கிற பதினெட்டு நோட்டுகள் மல்லாந்து கிடந்தன. ஒன்று இன்னும் வந்து சேரவில்லை. ஒன்று என் கையில் இருந்தது. அதன் அட்டையில் நீல மையில் 'திருமதி விமலா' என்று என் மனைவியின் பெயர்.

நோட்டை டீப்பாயின் மேல் வைத்தேன். பிறகு ஒரு விரலால் அதைக் கவிழ்த்தேன்.

பேச்சு நின்றுவிட்டது. டிக். டிக். ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை. அந்தச் சீட்டில் கேட்கக் கூடாது.

சென்ற வாரம் இந்தப் பத்தியில் நான் ஸ்கூட்டர் வாங்கி ஏமாந்த கதையைப் படித்துவிட்டு ஒரு வாசகி எழுதியிருக்கிறார்: "எல்லா வாரமும் நீங்களே ஏமாறுகிறீர்கள். ஒரு வாரமாவது யாரையாவது ஏமாற்றியிருக்க மாட்டீர்களா?" போஸ்ட் கார்டு, பச்சை மை. பச்சை மையில் எழுதுபவர்கள் ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியைகள் என்பது என் அனுபவம். கையைக் கட்டிக்கொண்டு பதில் சொல்லித்தான் ஆக வேண்டும்.

இருக்கிறது, அம்மா. ஒரு கம்ப்யூட்டர் விஷயத்தில்.

காலண்டரின் பின்பக்கம்

பெங்களூரில் எல்லோரும் கம்ப்யூட்டர் என்ற சொல்லை நீண்ட நாள் பழகியவர்கள் மாதிரி உச்சரிக்கத் தொடங்கியிருந்த காலம். எங்கள் தெருமுனை இஸ்திரிக்காரர்கூட, துணி தயாராகவில்லை என்றால், "சிஸ்டம் டவுன் சார்" என்று கரிப்பெட்டியைக் காட்டுவார்.

நான் பீன்யாவில் ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர்ஸ் குமாஸ்தா. நட்டும் போல்ட்டும் எண்ணிக் கொடுப்பது வேலை. பத்திரிகைகளுக்கு நகைச்சுவைக் கட்டுரை எழுதுவது உபதொழில். முன்னதில் எண்ணிக்கை தவறும். பின்னதில் நகைச்சுவை தவறும்.

கடன்களுக்குக் குறைவில்லை. தொழிற்சாலைக் கூட்டுறவுச் சங்கத்தில் ஒன்று. ஸ்கூட்டருக்கு ஒன்று. தங்கை கல்யாணத்துக்கு வாங்கிய ஒன்று. அது வாங்கினவனுக்கு மறந்துபோகும் அளவுக்குப் பழையது, கொடுத்தவருக்குத்தான் ஞாபகசக்தி அதிகம்.

விமலா நர்சரி பள்ளி டீச்சர். நாலு வயதுப் பிள்ளைகளை நிர்வகிக்கிற முறையையே வீட்டிலும் கையாண்டாள். நல்ல பலன் இருந்தது.

"கம்ப்யூட்டர் வேணும்னா வாங்குங்க, நான் வேணாங்கல. ஆனா இருக்கற கடன்ல ஒரு ரூபா ஏறக்கூடாது. சொல்லிட்டேன்."

சொன்னதோடு விடவில்லை. கிழித்துப் போட்ட காலண்டர் தாளின் பின்பக்கத்தில் 'கடன் வாங்கிக் கம்ப்யூட்டர் கிடையாது' என்று கரும்பலகைக் கையெழுத்தில் எழுதி, கீழே என் கையெழுத்தை வாங்கி, அரிசி டின் வைத்திருந்த அலமாரிக் கதவின் உட்பக்கம் ஒட்டினாள். அரிசி எடுக்கும்போதெல்லாம் என் வாக்குறுதி அவள் கண்ணில் படும். என் கண்ணில் படாது. நான் அரிசி எடுப்பதில்லை.

தேன் நிறத்து எழுத்து

முதல் கம்ப்யூட்டரை ஒழுங்காகத்தான் வாங்கினேன். இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் இந்தக் கதையில் நான் ஒழுங்காகச் செய்த ஒரே காரியம் இதுதான்.

சிகரெட்டை விட்டேன். ஏறக்குறைய ஒரு வருடம் அந்தக் காசை ஒரு பால் பவுடர் டப்பாவில் போட்டு வந்தேன். பீன்யாவில் ஒரு சிறிய கம்பெனி கடையைக் கட்டியபோது, மேஜை நாற்காலிகளோடு ஒரு பழைய 386 கம்ப்யூட்டரும் விலைக்கு வந்தது. டப்பாவைத் திறந்து, புகைக்காத சிகரெட்டுகளைக் கொடுத்து வாங்கி வந்தேன்.

சுவிட்சைப் போட்டால் மிக்சி மாதிரி ஒரு முனகல். கறுப்புத் திரையில் தேன் நிறத்தில் எழுத்துகள் வரும். தமிழ் எழுத ஒரு சின்ன மென்பொருள், யாரோ புண்ணியவான் ஃபிளாப்பியில் போட்டுக் கொடுத்தது. 'ஓ' என்று அடித்தால் கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் 'ஓ' வரும். எனக்கும் யோசிக்க நேரம் கிடைத்தது. இரண்டு வருடம் அதில் எழுதினேன். அந்தக் கட்டுரைகளில் இரண்டு இடத்தில் சிரிப்பு வந்ததாக விமலாவே ஒப்புக்கொண்டாள்.

அந்த மெஷின் எனக்குப் போதும். போதும் என்பது எனக்குத்தான் தெரியவில்லை.

அலுவலக நண்பர் ஒருவர் வீட்டுக்குப் பூரி சாப்பிடப் போனேன். ஹாலில் கலர் மானிட்டர். அம்புக்குறியைத் தொட்டால் ஜன்னல் ஜன்னலாகத் திறந்தது. அவர் அதில் ஒன்றும் எழுதுவதில்லை, சீட்டாடிக்கொண்டிருந்தார். பூரியைத் தட்டிலேயே விட்டுவிட்டு வந்தேன்.

அதற்குப் பிறகு எனக்கு எழுத வரவில்லை. எழுத வராதவர்கள் பேனாவைக் குறை சொல்வார்கள், மனைவியைக் குறை சொல்வார்கள், தெரு நாயைக் குறை சொல்வார்கள். எனக்கு விஞ்ஞானபூர்வமான காரணம் ஒன்று அகப்பட்டது: கம்ப்யூட்டருக்கு ஞாபகசக்தி, அதாவது ராம், போதவில்லை.

எஸ்.பி. ரோடு

கம்ப்யூட்டர் சாமான்களுக்குப் பேர்போன எஸ்.பி. ரோட்டில் சமீர் பாயின் கடை ஒரு பீரோ அகலம். உள்ளே அவர் உட்கார்ந்தால் வாடிக்கையாளர் ரோட்டில்தான் நிற்க வேண்டும். முதுகில் தள்ளுவண்டிகள் இடிக்கும். சால்டர் பற்றவைக்கிற புகையும் பக்கத்துக் கடை சமோசாவும் கலந்து ஒரு வாசனை.

"சார், ராம் போடலாம். அது ஒண்ணும் பெரிய விஷயம் இல்ல," என்றார். "ஆனா இந்த போர்டு எடுத்துக்காது."

"போர்டை மாத்திட்டா?"

"போர்டு மாத்தினா ப்ராசசர் மாத்தணும்."

"ப்ராசசரையும் மாத்திட்டா?"

"அரே, பென்டியம் போட்டுட்டு இந்தத் துக்குடா ஹார்ட் டிஸ்க்கை வெச்சு இன்னா சார் பண்ணுவீங்கோ? குதிரையை வாங்கி மாட்டு வண்டியில கட்டுவீங்களா?"

"மானிட்டர் இதுவே இருக்கட்டும்."

"தாராளமா. கலர்ல வர்றது உங்களுக்கு எல்லாம் தேன் கலர்லயே தெரியும். பர்வாயில்லன்னா வெச்சுக்கோங்கோ."

மிஞ்சியது வெளிப்பெட்டியும் கீபோர்டும். "டப்பா சூப்பர் டப்பா சார். நூறு வருஷம் வரும்," என்று அதை மட்டும் மனதாரப் பாராட்டினார். என்னத்தை அப்கிரேடு செய்தேன் என்று யாராவது கேட்டால், டப்பாவைத் தவிர எல்லாவற்றையும் என்று சொல்லலாம்.

ஒரு விசிட்டிங் கார்டின் பின்னால் கணக்குப் போட்டுக் கொடுத்தார். பழைய சாமான்களுக்குக் கழித்தது போக, இருபதாயிரத்துக்கு இருநூறு குறைவு.

"கொஞ்சம் பாத்துப் போடுங்க, பாய்."

"உங்க மூஞ்சியைப் பாத்துத்தான் சார் இந்த ரேட்டு."

என் மூஞ்சியின் மதிப்பு இருநூறு ரூபாய் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

காரணம் கேட்காத சீட்டு

டெய்சி ஆன்ட்டி டெலிபோன் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் தெருவில் மூன்று தலைமுறையாக இருக்கிற குடும்பம். அவர் நடத்திய சீட்டில் இருபது பேர், தலைக்கு மாதம் ஆயிரம். மாத முதல் ஞாயிறு ஏலம். யார் அதிகமாக விட்டுக் கொடுக்கத் தயாரோ அவருக்கு அந்த மாதச் சீட்டு. விட்டுக் கொடுத்த தொகையை எல்லோரும் பங்கிட்டுக்கொள்வார்கள். எங்கும் இருக்கிற முறைதான்.

ஆனால் அந்தச் சீட்டில் மட்டும் இன்னொரு வழக்கம் இருந்தது. யாருக்காவது நிஜமான கஷ்டம் வந்தால், ஏலம் ஆரம்பிக்குமுன் தன் நோட்டைக் கவிழ்த்து வைக்கலாம். அந்த மாதம் ஏலம் கிடையாது. இருபதாயிரமும் முழுசாக அவருக்கு. என்ன கஷ்டம் என்று யாரும் கேட்க மாட்டார்கள்.

நான் சேர்ந்த புதிதில், "யாராவது பொய்யா கவிழ்த்துட்டா?" என்று கேட்டேன். எழுத்தாளன் அல்லவா, புத்தி அப்படித்தான் போகும்.

"காரணம் கேட்டா அது சீட்டு இல்ல மேன், கோர்ட்டு," என்றார் ஆன்ட்டி. "இத்தனை வருஷத்துல நாலு பேர் கவிழ்த்திருக்காங்க. ரெண்டு சாவு, ஒரு ஆக்சிடென்ட்டு, ஒரு ஹார்ட்டு. கேக்காமலே தெரிஞ்சுது."

ஒரே மாதத்தில் இரண்டு பேருக்குக் கஷ்டம் வந்தால் என்ன செய்வது என்று விதி இல்லை. அப்படி நடந்ததில்லை.

விமலாவிடம் நான் சாமர்த்தியமாக ஆரம்பித்தேன். "சீட்டு எடுத்தா அது கடனா?"

"அது எப்படிக் கடன் ஆகும்? நம்ம பணம்தானே."

"அப்ப அலமாரிக் கதவுல எழுதினது சீட்டுக்குச் செல்லாது."

சாக்பீஸ் தின்ற பையனைப் பார்க்கிற மாதிரி என்னைப் பார்த்தாள். பிறகு, "சரி, போய் ஏலம் கேளுங்க. மூவாயிரத்துக்கு மேல விட்டுக் குடுக்காதீங்க. மேல போச்சுன்னா எழுந்து வந்துடுங்க. அடுத்த வருஷம் வாங்கிக்கலாம்," என்றாள். ஸ்கூல் ஆண்டு விழாவுக்கு முப்பது முயல் காது வெட்டவேண்டியிருந்ததால் அவள் வரவில்லை. நோட்டை என்னிடம் கொடுத்தனுப்பினாள்.

போகிற வழியில் கணக்குப் போட்டேன். ஏலத்தில் மூவாயிரம் விட்டுக் கொடுத்தால் சமீர் பாய்க்கு மூவாயிரம் குறையும். அதைச் சங்கத்தில் கடனாகத்தான் வாங்க வேண்டும். கடன் வாங்கக் கூடாது என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன். வாக்குத் தவறாமல் இருக்க ஒரே ஒரு வழிதான் தெரிந்தது.

ஆக, நேர்மையின் காரணமாகத்தான் நோட்டைக் கவிழ்த்தேன். இப்படியெல்லாம் யோசிக்கத் தெரிந்தவனைச் சமூகம் எச்சரிக்கையோடு அணுக வேண்டும்.

ஒரு துண்டு கேக்

முன்னறையில் எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். நானும் குனிந்துகொண்டேன். ஒரு வார்த்தைகூடப் பொய் சொல்லவில்லை.

சொல்லவேண்டிய அவசியமும் இல்லை. நோட்டில் விமலாவின் பெயர். அவள் வயிற்றில் ஒரு சின்னக் கட்டி இருப்பதை அதற்கு முந்தின மாதம்தான் ஸ்கேனில் கண்டுபிடித்திருந்தார்கள். அவசரமில்லை, கொஞ்ச நாள் பார்க்கலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். கட்டி இருப்பது தெருவுக்குத் தெரியும். டாக்டர் சொன்னது தெரியாது.

அந்த நேரத்தில்தான் எஸ்தர் அக்கா வேகமாக உள்ளே வந்தார். எங்கள் பின் சந்தில் குடியிருப்பவர். பேக்கரி ஒன்றில் பேக்கிங் வேலை; ஞாயிறும் ஷிஃப்ட் உண்டு. அவர் வந்தால் கூடவே வெனிலா எசன்ஸ் வாசனையும் வரும். நான் அவரை அக்கா என்பேன், அவர் என்னை அண்ணா என்பார். யார் மூத்தவர் என்ற ஆராய்ச்சியில் இருவரும் இறங்கியதில்லை.

அவர் கையில் நோட்டு இருந்தது. மார்போடு சேர்த்துப் பிடித்திருந்தார். டீப்பாயைப் பார்த்தார். கவிழ்ந்திருந்த நோட்டைப் பார்த்தார். பக்கத்தில் நான் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தார்.

"விமலாவுக்காண்ணா?" என்றார்.

கேட்கக் கூடாத கேள்வி. ஆன்ட்டி, "எஸ்தர்!" என்று அதட்டினார்.

"சாரி ஆன்ட்டி. மனசு கேக்கல." பிறகு என்னிடம், "உடம்ப மொதல்ல பாருங்கண்ணா. மத்ததெல்லாம் அப்புறம்," என்றார்.

அவர் நோட்டைப் பையில் டிபன் பாக்சுக்கு அடியில் வைத்ததைப் பார்த்தேன். கையில் இருந்தபோது அது அட்டை தெரியாமல், கவிழ்ந்தே இருந்ததையும் பார்த்தேன். அவசரத்தில் தலைகீழாகப் பிடித்திருக்கிறார், அவ்வளவுதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எனக்கு நானே சொல்வதை நான் சாதாரணமாக நம்பிவிடுவேன்.

பணத்தை ஒரு பழுப்பு உறையில் போட்டுக் கொடுத்த ஆன்ட்டி, காகிதத்தில் சுற்றி ஒரு துண்டு கேக்கும் கொடுத்தார். "விமலாக்குக் குடுங்க. பயப்படாதேன்னு சொல்லுங்க. நாங்கல்லாம் ப்ரேயர் பண்றோம்."

கேக்கை வீட்டுக்குக் கொண்டுபோனால் விமலா எதற்கு என்று கேட்பாள். தெருக்கோடியில் சாக்கடைப் பாலத்தின் மேல் நின்று மூன்று கடியில் தின்றுவிட்டேன். பட்டர் கேக். நன்றாக இருந்தது. அது நன்றாக இருந்ததுதான் இன்றைக்கும் உறுத்துகிறது.

வீட்டில், "ஏலம் யாரும் கேக்கல. முழுசா வந்துடுச்சு," என்றேன். விமலா ஒரு முயல் காதைக் கையில் வைத்துக்கொண்டு, "அதிசயமா இருக்கே," என்றாள்.

சூப்

இரண்டு வாரம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை லீவு போட்டுவிட்டு எஸ்.பி. ரோட்டிலிருந்து ஆட்டோவில் வந்தேன். டப்பா காலடியில். பழைய கலர் மானிட்டர் ஒன்று மடியில், அடிபடாமல் இருக்க இரண்டு தலையணை வைத்து, பூப்போட்ட போர்வையால் சுற்றியிருந்தேன். அதை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு, பள்ளம் வரும்போதெல்லாம் டிரைவரிடம், "மெதுவா, மெதுவாப்பா," என்று கெஞ்சிக்கொண்டு வந்தேன்.

டெய்சி ஆன்ட்டி கேட்டில் நின்றிருந்ததை நான் கவனிக்கவில்லை.

ஞாயிறு காலை சர்ச் முடிந்ததும், தூக்குப் பாத்திரத்தில் ஆட்டுக்கால் சூப்போடு ஆன்ட்டி வந்தார். விமலா வாசலில் வாளியோடு நின்று துணி காயப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"என்ன மேன் இது!" ஆன்ட்டி அலறினார். "வாளியக் கீழ வை! அவரு எங்க? பொண்டாட்டிய துணி தோய்க்க விட்டுட்டு உள்ள என்ன பண்றாரு?"

"ஏன் ஆன்ட்டி, என்ன ஆச்சு?"

"என்ன ஆச்சா? ஆபரேஷன் ஆயி மூணு நாள் ஆகல! ஆட்டோல போர்வை சுத்தி மடியில படுக்க வெச்சுக் கூட்டிட்டு வந்தாரே, நான் கேட்லேந்து பாத்தேனே. இதுக்கா நோட்டைக் கவுத்தாரு?"

விமலா திரும்பி என்னைப் பார்த்தாள். நான் தூக்குப் பாத்திரத்தைப் பார்த்தேன். அதன் மூடியிலிருந்து மிளகு வாசனையோடு ஆவி போய்க்கொண்டிருந்தது.

"ஆபரேஷனைத் தள்ளிப் போட்டிருக்காங்க ஆன்ட்டி," என்றாள் விமலா. ஒரு துளி தாமதம் இல்லை. "அன்னிக்கு டெஸ்ட்டுக்குப் போயிட்டு வந்தோம். தலை சுத்திடுச்சு."

"கர்த்தருக்கு ஸ்தோத்திரம். சூப்பைச் சூடா குடி," என்று ஆன்ட்டி அவள் கன்னத்தைத் தடவிவிட்டுப் போனார்.

கதவைச் சாத்திவிட்டு விமலா கேட்டாள்: "என் வயித்தைக் காட்டியா இதை வாங்கினீங்க?"

"நான் ஒண்ணும் சொல்லல, விமலா. நோட்டைத்தான் கவிழ்த்தேன்."

"என் பேர் எழுதின நோட்டை."

அதோடு சரி. சண்டை போடவில்லை. ஆனால் அந்தக் கம்ப்யூட்டரை அதன் ஆயுள் முழுக்க அவள் தொடவில்லை. மேஜையைத் துடைப்பாள். அதைச் சுற்றித் துடைப்பாள். நடுவில் ஒரு சதுரம் தூசியாகவே இருக்கும்.

அந்தப் பென்டியத்தில் நான் முதலில் எழுதிய கட்டுரையின் தலைப்பு: 'கடன் இல்லாமல் கம்ப்யூட்டர் வாங்குவது எப்படி?' எழுத்து பளபளவென்று வந்து விழுந்தது. ஒரு பத்திரிகையில் அச்சாகி, பாராட்டிக் கடிதங்கள்கூட வந்தன.

அடடா

அந்த மாதக் கடைசியில் பின் சந்தில் ஒரு மினி லாரி நின்றது. எஸ்தர் அக்காவின் கட்டில், பீரோ, காஸ் சிலிண்டர் எல்லாம் வெளியே இருந்தன. அவர் கணவர் பெயிண்டர். ஏணியையும் டப்பாக்களையும் ஏற்றிக்கொண்டிருந்தார். போகிற போக்கில் நானும் கட்டிலின் ஒரு முனையைப் பிடித்தேன்.

"எங்கக்கா, வீடு மாத்தறீங்களா?"

"ஊருக்கு வெளிய, ஆனேக்கல் பக்கம்ணா. இங்க முடியல."

பெங்களூரில் லீசு என்று ஒரு முறை உண்டு. வீட்டுக்காரரிடம் பெரிய தொகை ஒன்றைக் கொடுத்து வைத்துவிட்டால், மாத வாடகை இல்லாமல் குடியிருக்கலாம். காலி செய்யும்போது தொகை திரும்ப வரும். எஸ்தர் அக்கா அப்படித்தான் பத்துப் பன்னிரண்டு வருடமாக அந்தச் சந்தில் இருந்தார். நடந்து போகிற தூரத்தில் பேக்கரி, பொண்ணுக்குப் பள்ளிக்கூடம், சர்ச்.

"லீசு முடிஞ்சுது. மேல இருவது குடுத்தா இருங்க, இல்லாட்டி காலி பண்ணுங்கன்னு ஓனர் சொல்லிட்டாரு. மாசக் கடைசிதான் கெடு," என்றார், சிலிண்டரை உருட்டிக்கொண்டே. "இந்த மாசம் நோட்டைக் கவுக்கலாம்னுதான் வந்தேன். பாத்தா விமலா நோட்டு. சரி, வீடு எங்க வேணா கிடைக்கும், உடம்பு கிடைக்குமா? விமலா எப்டி இருக்கு இப்போ?"

கட்டில் என் கையில் கனத்தது.

அந்த இடத்தில் ஒரு மனிதன் சொல்லக்கூடிய வாக்கியங்கள் பல இருந்தன. நான் எழுத்தாளன், வாக்கியங்களுக்குப் பஞ்சமில்லை. "அடடா," என்றேன்.

என் வாழ்நாளில் நான் எழுதிய, பேசிய எல்லாவற்றிலும் மட்டமானது அந்த ஒரு சொல்தான்.

விமலாவிடம் சொன்னேன். அவள் கையிலிருந்த அரிசிப் படியைக் கீழே வைத்தாள். "வித்துடுங்க. வித்து அந்தப் பணத்தை அவங்களுக்குக் குடுங்க."

டப்பாவைத் தூக்கிக்கொண்டு திரும்பவும் எஸ்.பி. ரோடு. சமீர் பாய் ஸ்க்ரூவைக் கழற்றிக்கூடப் பார்க்கவில்லை.

"எட்டாயிரம் சார்."

"ஒரு மாசம்கூட ஆகல, பாய்!"

"கம்ப்யூட்டர் தக்காளி மாதிரி சார். காலைல ஒரு ரேட்டு, சாயங்காலம் ஒரு ரேட்டு. அதுவும் உங்க மூஞ்சிக்காக."

திரும்பக் கொண்டுவந்துவிட்டேன். எட்டாயிரத்துக்கு வீடு திரும்ப வராது; பிறகு கொடுத்து என்ன பயன் என்று விமலாவிடம் விளக்கினேன்.

"வீடு வராது," என்றாள். "பஸ் பாஸாவது வரும்."

கொடுக்கவில்லை. இருபது கொடுக்க முடியாது என்பதால் எட்டும் கொடுக்கவில்லை. என் கடன் ஒரு ரூபாய்கூட ஏறவில்லை. காலண்டர் தாளில் போட்ட கையெழுத்தைக் காப்பாற்றிவிட்டேன். எஸ்தர் அக்கா விடியுமுன் எழுந்து, ஆனேக்கலிலிருந்து இரண்டு பஸ் மாறி, அதே பேக்கரிக்கு வந்துகொண்டிருந்தார். அவர் பொண்ணு அந்த வருடப் பரீட்சையை எழுதவில்லை என்று கேள்விப்பட்டேன். காரணம் நான் கேட்கவில்லை. அந்தச் சீட்டின் விதியை அந்த ஒரு விஷயத்தில் ஒழுங்காகக் கடைப்பிடித்தேன்.

இரண்டு பஸ்

ஐந்தாறு வருடம் போயிற்று. சீட்டு முடிந்துவிட்டது. பென்டியம் முனகி, இருமி, ஒரு நாள் நின்றே போனது. அதே சமயத்தில் டாக்டர் இனிமேல் காத்திருக்க முடியாது என்றார். விமலாவுக்கு நிஜமாகவே ஆபரேஷன். சங்கத்தில் கடன் வாங்கினேன். அலமாரிக் கதவில் அதற்குத் தடை எதுவும் எழுதியிருக்கவில்லை.

மூன்றாம் நாள் மத்தியானம் வார்டு வாசலில் வெனிலா வாசனை வந்தது. எஸ்தர் அக்கா. முடி நரைத்திருந்தது. டெய்சி ஆன்ட்டி போனில் சொன்னாராம்.

விமலாவின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். "அப்பவே பண்ணியிருக்கணும் விமலா. பணமும் கையில இருந்துச்சு. ஏன் இத்தினி வருஷம் இழுத்தீங்க?"

நான் ஜன்னல் கம்பியை எண்ணினேன்.

"பயமா இருந்துச்சுக்கா," என்றாள் விமலா. இரண்டாவது தடவையாக என்னைக் காப்பாற்றினாள். இந்த முறை குரலில் தெம்பு இல்லை.

பஸ் ஸ்டாப் வரை நான்தான் கூடப் போனேன். வெயில். கரும்பு ஜூஸ் மெஷினின் மணிச் சத்தம். ஆனேக்கல் பஸ் இன்னும் வரவில்லை.

"அக்கா," என்றேன். "அந்த மாசம் ஆபரேஷன் எதுவும் இல்ல. டாக்டர் சொல்லவும் இல்ல. விமலாவுக்கு எதுவும் தெரியாது. நான் கம்ப்யூட்டருக்காகக் கவிழ்த்தேன்."

அவர் புடவைத் தலைப்பால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

"இருக்கா அது இப்போ?"

"இல்ல. எடைக்குப் போட்டுட்டேன்."

"எவ்ளோ குடுத்தான்?"

"முன்னூறு."

தலையை ஆட்டினார். விலை நியாயமா இல்லையா என்று யோசிக்கிற மாதிரி இருந்தது.

"நான் ஏதாவது..." என்று ஆரம்பித்தேன். "அந்தச் சந்துல ஒரு வீடு பாத்து..."

"அங்க இப்போ லீசு என்னா ரேட்டுன்னு தெரியுமாண்ணா உங்களுக்கு?"

தெரியும். எனக்குக் கட்டுப்படியாகாது என்பதும் தெரியும். அவருக்கும் தெரிந்திருந்தது.

பஸ் வந்தது. ஏறப் போனவர் ஞாபகம் வந்து, பையைத் திறந்து, டிபன் பாக்சுக்கு அடியிலிருந்து ஒரு சின்ன அட்டைப்பெட்டியை எடுத்து என்னிடம் நீட்டினார். பேக்கரி நூலால் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டியிருந்தது. "பட்டர் கேக். விமலாக்குன்னு எடுத்தாந்தேன், மறந்தே போயிட்டேன். நாளைக்குக் குடுக்கலாம்னு நர்சம்மா சொன்னா குடுங்க."

ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்தார். கண்டக்டர் விசில் கொடுத்தார்.

"விமலா கையிலயே குடுங்கண்ணா," என்றார் எஸ்தர் அக்கா, என்னைப் பார்க்காமல், முன் சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு. "பாலத்து மேல நின்னு சாப்ட்டுடாதீங்க."

பஸ் போன பிறகும் அங்கேயே நின்றிருந்தேன். நோட்டைக் கவிழ்த்த அன்றைக்கு எனக்குப் பின்னால் அதே தெருவில் வீட்டுக்கு நடந்து வந்தவர் அவர். மினி லாரியில் சிலிண்டர் ஏற்றும்போதும், மாதா மாதம் ஆனேக்கலிலிருந்து வந்து சீட்டுப் பணம் கட்டும்போதும், இன்றைக்கு விமலாவின் கையைப் பிடித்திருக்கும்போதும், அந்தப் பாலத்தை மனதில் வைத்துக்கொண்டு, காரணம் கேட்காமல் இருந்திருக்கிறார்.

ஆஸ்பத்திரியில் லிஃப்ட் இருந்தது. படியில் ஏறினேன். முடிச்சை அவிழ்க்காமல் பெட்டியை விமலாவின் கையில் கொடுத்தேன்.

அவள் அதை முகர்ந்து பார்த்தாள். "நாளைக்குத்தானே எனக்கு? நீங்க ஒரு துண்டு எடுத்துக்குங்க."

"நான் அப்பவே சாப்பிட்டாச்சு," என்றேன்.